இரு துறைகள், ஒரே வரைபடம்: விலங்குக் கடவை அமைக்கக் கற்பித்த பயிற்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காட்டின் நடுவே போகும் இருவழிச் சாலை ஒன்றை நான்குவழியாக அகலப்படுத்த அனுமதி கிடைத்திருந்தது. அனுமதியோடு வந்த நிபந்தனைகளில் ஒன்று, வனவிலங்குகள் பாதுகாப்பாகக் கடக்க உரிய கட்டமைப்புகள் வேண்டும் என்பது. அவ்வளவுதான். எந்த இடத்தில், என்ன அகலத்தில், எந்த விலங்குக்காக, கட்டி முடித்தபின் யார் பொறுப்பு என்பதைப் பற்றியெல்லாம் ஒரு சொல்லும் இல்லை.

இந்த ஒற்றை வரியை வரைபடமாக மாற்றும் வேலை சாலைப் பொறியாளர்களிடம் வந்தது. பாலம் கட்டுவதில் அவர்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. விலங்குகளுக்காக எதையும் கட்டியதில்லை. வனத்துறைப் பணியாளர்கள் அந்தக் காட்டின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்தவர்கள். பொறியியல் வரைபடத்தை வாசித்துப் பழக்கமில்லாதவர்கள். இரு துறைகளும் கடிதம் வழியாகத்தான் பேசிக்கொண்டன. ஒரு தரப்பு "போதிய அகலம் வேண்டும்" என்று எழுதும். மறுதரப்பு "போதிய அகலம் தரப்பட்டுள்ளது" என்று பதில் எழுதும். இரண்டு கடிதத்திலும் மீட்டர் கணக்கு இருக்காது.

இரு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி தரலாம் என்ற யோசனை இந்த நிலையில்தான் வந்தது. அதை வடிவமைத்து நடத்திய குழுவில் நானும் இருந்தேன். ஆட்களையும் இடத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

பயிற்சிக்கு முன் கண்டவை

முதலில் அப்போதைய வரைபடத்தை வாங்கிப் பார்த்தோம். ஒரு வளைவின் அருகே கான்கிரீட் பெட்டி வடிவில் சுரங்கப்பாதை ஒன்று காட்டப்பட்டிருந்தது. 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். மேலே போகும் இரு பக்கச் சாலை, மீடியன் (நடுத்திட்டு), கரையின் சரிவு எல்லாம் சேர்ந்து, விலங்கு உள்ளே நடக்க வேண்டிய தூரம் 40 மீட்டர். அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். சாலை அங்கே உயரமான மண்கரை மேல் போவதால் அடியில் பெட்டி வைப்பது சுலபம். அப்புறம், அடிபட்டு இறந்த விலங்குகளின் பதிவேட்டில் அந்த வளைவுதான் அடிக்கடி வருகிறது. இரண்டும் நியாயமான காரணங்கள். பொறியாளர்கள் அக்கறையில்லாமல் வரைந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

பங்கேற்க வந்தவர்களிடம் என்ன சந்தேகம் என்று கேட்டோம். பெரும்பாலானவர்களின் கேள்வி ஒன்றுதான்: "பாலம் கட்டிவிட்டால் விலங்கு வந்துவிடுமா?" பாதிப் பேர் இதற்கு 'வராது' என்ற பதிலை மனத்தில் வைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். அதனால் கட்டிப் பயன்பட்ட இடங்களை முதலிலேயே காட்ட வேண்டியிருந்தது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையின் மேல் 6 விலங்குப் பாலங்களும் அடியில் 38 கீழ்ப்பாதைகளும் இருக்கின்றன, இருபுறமும் 2.4 மீட்டர் உயர வேலி. இவை வந்தபின் வாகன மோதல்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. மான் வகைகளை மட்டும் எடுத்தால் 96 விழுக்காடு. பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல், மகாராஷ்டிரப் பகுதியில் 9 கட்டமைப்புகள் உள்ளன. அகலம் 50 மீட்டரில் தொடங்கி 750 மீட்டர் வரை. இந்திய வன உயிரின நிறுவனம் 2019இல் அவற்றின் அடியில் வைத்த கேமராக்களில் 18 வகை விலங்குகள் பதிவாயின, புலியும் சேர்த்து. சிங்கப்பூரில் 1986இல் போட்ட புக்கித் தீமா விரைவுச்சாலை ஒரே காட்டை இரண்டாகப் பிரித்தது. அதை மீண்டும் இணைக்கும் பாலம் 2013இல்தான் வந்தது. நடுவில் 50 மீட்டர் அகலத்தில் ஒடுங்கி, இரு முனையிலும் விரிந்து, உடுக்கை போல இருக்கும் பாலம் அது.

பயிற்சியை அமைத்த விதம்

இது போன்ற பயிற்சிகள் வழக்கமாக எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சூழலியல் பற்றி ஒருவர் பேசுவார், பொறியியல் பற்றி இன்னொருவர், படங்கள் ஓடும், சான்றிதழோடு முடியும். வந்தவர்களுக்கு விலங்குகள் மேல் அன்பு கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அலுவலகம் திரும்பியதும் மேசைமேல் கிடப்பது அதே வரைபடம். அதில் எந்தக் கோட்டை எங்கே நகர்த்துவது என்பது மட்டும் தெரியாது.

அதனால் மூன்று விஷயங்களில் உறுதியாக நின்றோம். முதலாவது, மாதிரிச் சாலை எதுவும் வேண்டாம். இவர்கள் கட்டப்போகும் அதே சாலைதான் பாடம். இரண்டாவது, ஒரு பொறியாளரும் ஒரு வனப் பணியாளரும் சேர்ந்த இணைகளாகத்தான் வேலை. இணைக்கு ஒரே ஒரு வரைபடத் தாள், இருவர் கையெழுத்தும் அதில் வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது: பயிற்சியின் முடிவில் கையில் இருக்க வேண்டியவை திருத்திய வரைபடம், அதற்கான அளவுப் பட்டியல், பராமரிப்புக்கான ஒரு பக்கம். அறிக்கை கேட்கவில்லை. ஒப்பந்ததாரர் எந்த அறிக்கையையும் படித்துக் கட்டுவதில்லை; அளவுப் பட்டியலில் விலை போட்ட உருப்படியைத்தான் கட்டுகிறார்.

வனக் காவலர்களையும் அழைத்திருந்தோம். அதற்கு எதிர்ப்பு வந்தது. உயரதிகாரிகள் முன்னால் காவலர்கள் வாய் திறக்க மாட்டார்கள், வீணாக உட்கார்ந்திருப்பார்கள் என்றார்கள். வகுப்பறையில் அது உண்மையாக இருந்திருக்கலாம். அதனால் முதல் நாளைச் சாலையிலேயே வைத்தோம். தடம் பார்த்து நடக்கும் இடத்தில் யார் முன்னால் போவார்கள் என்பதைப் பதவி தீர்மானிக்காது.

சாலையில் தெரிந்தது

வளைவிலிருந்து சற்றுத் தள்ளி, சாலை ஒரு மலைமுதுகைக் குடைந்து போகிறது. இரு பக்கமும் இரண்டு மாடி உயரத்துக்குச் செங்குத்தான வெட்டு. இளம் பொறியாளர் ஒருவரும் வயதில் மூத்த வனக் காவலர் ஒருவரும் ஒரு இணை. காவலர் அங்கே நின்றுவிட்டார்.

"அண்ணா, இந்த இடத்தில ஒண்ணுகூட அடிபட்டதா பதிவு இல்லையே, இங்கே ஏன் நிக்கிறோம்?" என்று கேட்டார் பொறியாளர்.

"மேலே ஏறி வாங்க மேடம், காட்டுறேன்."

வெட்டின் உச்சியில் ஒரு தடம் இருந்தது. ஒரு சாண் அகலம், புல் முளைக்காமல் இறுகிய மண். மலைமுதுகு வழியே நேராக இறங்கி வந்த அது, விளிம்புக்கு ஓரடி முன்னால் சட்டென்று திரும்பி, விளிம்பை ஒட்டியே போனது. முள்செடி ஒன்றில் மான் முடி சிக்கியிருந்தது. காவலர் அதைத் தொடாமல் விரலால் காட்டினார். "நேரா வந்துக்கிட்டிருந்த வழி. வெட்டு வந்து மறிச்சிடுச்சு. அதனால ஓரமாவே நடந்து, சரிவு தாழ்ற இடம் பார்த்து இறங்குது. அந்த இடம்தான் நீங்க சொல்ற வளைவு."

பொறியாளர் தடத்தைத் தொடர்ந்து போய், செயினேஜ் (சாலையின் தொடக்கத்திலிருந்து தூரம்) குறித்துக்கொண்டே வளைவு வரை நடந்தார். எதிர்ப்புற மலைமுதுகிலும் அதே கதை. அங்கேயும் ஒரு தடம் மேலிருந்து வந்து, வெட்டில் முட்டி, வளைவை நோக்கித் திரும்பியது. சாவுகள் பதிவான இடம் விலங்குகள் கடக்க விரும்பிய இடம் இல்லை. சாலை அவற்றைச் சுற்றவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அது.

சாலைத் திட்டங்களில் இது திரும்பத் திரும்ப நடப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடிபட்ட விலங்குகளின் பதிவேடு தேவையான ஆவணம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து இடம் தேர்ந்தால் தவறிப்போகும். சின்ன உடல்கள் விடிவதற்குள் காணாமல் போய்விடும். நரி, காகம் தின்றுவிடும், இல்லையென்றால் டயரில் தேய்ந்துவிடும். ஓடும் வண்டியிலிருந்து எடுக்கும் கணக்கில் தவளையும் பாம்பும் ஏறவே ஏறாது. காயத்தோடு காட்டுக்குள் போய் இறந்தவையும் இல்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம், போக்குவரத்து கூடக் கூடச் சாவுகள் ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையத் தொடங்கும் என்பது. நாளொன்றுக்கு 10,000 வாகனம் என்ற அளவை நெருங்கும் சாலையைப் பல விலங்குகள் கடக்க முயல்வதே இல்லை. பதிவேடு வெறுமையாகிவிடும், சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று அதை வாசித்துவிடுவோம். காடு இரண்டாகிவிட்டது என்பதுதான் உண்மை.

அதே நாளில் எதிர்த்திசையிலும் பாடம் நடந்தது. தாழ்வான சதுப்பு ஒன்றில் ஒரு விலங்குப் பாலம் வேண்டும் என்று வனத்துறை அதிகாரி ஒருவர் விரும்பினார். அங்கே மான் நடமாட்டம் அதிகம் என்பது சரி. அவருடைய இணையான பொறியாளர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். லாரிகள் போக 5.5 மீட்டர் இடைவெளி, அதன்மேல் தளத்தின் கனம், அதன்மேல் மண். மொத்தம் 8 மீட்டரைத் தொடும். விலங்குகள் தயங்காமல் ஏற ஐந்துக்கு ஒன்று சரிவு என்று வைத்தாலும் இரு பக்கமும் 40 மீட்டர் நீளத்துக்கு மண்மேடு போட வேண்டும். சதுப்பு அந்தக் கனத்தைத் தாங்காது, மேடே அந்த ஈரநிலத்தை மூடியும்விடும். ஆனால் மலைமுதுகு வெட்டில் மேடே தேவையில்லை. இரு கரையும் ஏற்கெனவே பாலத்தின் மட்டத்தில் இருக்கின்றன. அதிகாரி தன் யோசனையை அங்கேயே கைவிட்டார். கடிதத்தில் இதே விஷயம் மாதக்கணக்கில் இழுத்திருக்கும்.

சதுப்பின் கீழ்ப்புறம் ஒரு பழைய ஓடைப்பாலம். குழாய் இல்லை, கல்லால் கட்டிய சிறுபாலம். அதன் வெளிவாயில் தளம் முடியும் இடத்தில் நீர் விழுந்து விழுந்து முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்திருந்தது. மேல் பக்கம் ஈர மண்ணில் முள்ளம்பன்றியின் காலடிகள் வாயில் வரை வந்து திரும்பியிருந்தன. உள்ளே சுவரோடு சுவராகத் தண்ணீர், கால் வைக்கக் காய்ந்த இடம் ஓரடிகூட இல்லை. இதை அந்தப் பொறியாளர்கள் வெள்ளக் கணக்குக்காகப் பலமுறை அளந்திருக்கிறார்கள். ஒரு விலங்கின் உயரத்தில் குனிந்து பார்த்தது அன்றுதான்.

வகுப்பறையில்: திறப்பும் கனமும்

முதலில் வளைவில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டோம். கீழ்ப்பாதைகளுக்குத் திறப்பு விகிதம் என்று ஒரு எளிய கணக்கு உண்டு. அகலத்தை உயரத்தால் பெருக்கி, உள்ளே நடக்கும் நீளத்தால் வகுக்க வேண்டும். 4 பெருக்கல் 3, வகுத்தல் 40. கிடைப்பது 0.3. அமெரிக்காவின் கோவேறு மான்களை (mule deer) வைத்துச் செய்த ஆய்வுகளில் 0.6க்குக் குறைந்தால் மான் தயங்கும் என்று கண்டிருக்கிறார்கள். எல்லா விலங்குக்கும் பொருந்தும் எண் இல்லை இது. பான்ஃபில் கரடிகளிலேயே வேறுபாடு தெரிந்தது: கிரிஸ்லி கரடியும் மான்களும் அகன்று திறந்த இடத்தை விரும்ப, கருங்கரடியும் மலைச் சிங்கமும் (பூமா) ஒடுங்கிய இருண்ட பாதையில் போயின. ஆனாலும் நீண்ட குகையாக இருந்த அந்தப் பெட்டி மான்களுக்கு உதவாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

விலங்குப் பாலத்துக்கு மலைமுதுகு வெட்டுதான் இடம் என்பது சுலபமாக முடிவாகிவிட்டது. அதன்மேல் எவ்வளவு மண் போடுவது என்பதில்தான் நீண்ட வாக்குவாதம். ஈரம் ஊறிய மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2 டன். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் போட்டால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 3 டன் தாங்க வேண்டும். 50 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம் என்றால் மண் மட்டும் 6,000 டன். லாரிகள் ஓடும் பாலத்தைவிடப் புல்லும் மரமும் நிற்கும் பாலம் அதிகக் கனம் சுமக்கிறது என்பது வனத்துறையினர் பலருக்குப் புதிய செய்தி. ஒரு பொறியாளர் 30 சென்டிமீட்டர் மண் போதும் என்றார். வனத்துறை அதிகாரி தாளில் ஒரு புதரின் வேரை வரைந்து, கோடையில் அந்த 30 சென்டிமீட்டர் எப்படிக் காயும் என்று விளக்கினார்.

தீர்வு அந்த இணையிடமிருந்தே வந்தது. புல்லுக்கு 30 சென்டிமீட்டர், புதருக்கு 60, மரத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்லும் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் 60 சென்டிமீட்டர். இரு ஓரங்களிலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் மண்வரப்பு. மரங்கள் வரப்பில் நிற்கும், வரப்பே வண்டிகளின் விளக்கொளியையும் சத்தத்தையும் மறைக்கும். தட்டையான தளத்துக்குப் பதில், மண்ணுக்கடியில் புதைந்த கான்கிரீட் வளைவாகக் கட்டினால் அந்தக் கனத்தை வளைவு அமுக்குவிசையாக வாங்கிக்கொள்ளும் என்றார் பொறியாளர். வெட்டின் வடிவமும் அதற்குத் தோதாக இருந்தது. இப்படி ஒரு யோசனை எந்த ஒரு துறையிலிருந்தும் தனியாக வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். ஒளியை மறைக்க வேண்டும் என்ற கவலை ஒருவருடையது, கனத்தை எங்கே இறக்குவது என்ற கவலை மற்றவருடையது.

வழியில் இன்னொரு சிக்கல். அதே மலைமுதுகுத் தடத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் மாடு ஓட்டிப் போகிறார்கள். பாலம் வந்தால் அவர்களும் அதில்தான் வருவார்கள். பான்ஃபின் கீழ்ப்பாதைகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, மனித நடமாட்டம்தான் விலங்குகள் வருவதைப் பெரிதும் தீர்மானித்தது என்று கண்டது. ஊர்க்காரர்களை வெறுமனே தடுப்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. அப்போது ஒரு வனக் காவலர் கேட்டார்: "சார், அந்தப் பெட்டியை மாட்டுக்குக் குடுத்திரலாமே?" மான் தயங்கும் 40 மீட்டர் பெட்டியில் பழகிய மாடு தயங்காது. வளைவிலிருந்து ஊர் இன்னும் பக்கம்.

எடுத்த முடிவுகள்

விலங்குக் கடவை வளைவிலிருந்து மலைமுதுகு வெட்டுக்கு, பாலமாக மாறியது: நடுவில் 50 மீட்டர் அகலம், முனைகளில் விரியும் வடிவம். வளைவில் இருந்த பெட்டி அளவு மாறாமல் மக்களுக்கும் கால்நடைக்கும் ஆனது. ஓடைப்பாலத்தை இடித்துப் பெரிதாக்கும் வேலை திட்டத்திலேயே இருந்தது. அதோடு, வழக்கமான நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பக்கச் சுவரை ஒட்டிக் கல் நடைபாதை, வெளிவாயில் குழியை நிரப்பிப் படிப்படியாக இறக்கிய கற்பரப்பு இரண்டும் சேர்ந்தன.

வேலியில் மட்டும் நினைத்தபடி முடிக்க முடியவில்லை. வேலி இல்லாத கடவைக்கு விலங்கு தற்செயலாகத்தான் வரும். 5 கிலோமீட்டருக்குக் குறைந்த வேலிகளின் பலன் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுகிறது, அதற்கு மேல் நீண்டவற்றில்தான் மோதல்கள் வழக்கமாக 80 விழுக்காட்டுக்கு மேல் குறைகின்றன என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த விஷயம். இங்கே வடக்குப் பக்கம் வயல்கள், அவற்றுக்குப் போகும் வண்டிப்பாதைகள். ஒவ்வொரு பாதைக்கும் கதவு வைத்தால் அது திறந்தே கிடக்கும். அதனால் வடக்கே வேலி 5 கிலோமீட்டரை எட்டாமல் வயல் தொடங்கும் இடத்தில் நின்றது. சாலைப் பக்கம் மாட்டிக்கொண்ட விலங்கு காட்டுப் பக்கம் குதித்துத் தப்ப மண்சரிவு மேடைகள் மட்டும் சில இடங்களில் சேர்க்கப்பட்டன.

கேமராக்களைக் கட்டுமானம் தொடங்குமுன்பே வைக்க முடிவெடுத்தோம். வேலை நடக்காத, அதே மாதிரியான இன்னொரு பகுதியிலும் வைத்தோம். முன்னும் பின்னும் ஒப்பிட ஏதும் இல்லாமல், கட்டியபின் வரும் படங்கள் விலங்கு வந்தது என்பதை மட்டும் சொல்லும். சாலை அகலமாகுமுன் வந்ததில் எத்தனை பங்கு இப்போது வருகிறது என்பதைச் சொல்லாது.

பின்பு நடந்தது

திருத்திய வரைபடம் ஏற்கப்பட்டது. இடமாற்றத்தால் செலவு பயந்த அளவுக்கு ஏறவில்லை, வெட்டில் மண்மேடு தேவைப்படாததால். அகலத்தைக் குறைக்கச் சொல்லி நிதிப் பிரிவு கேட்டபோது, பதில் சொன்னவர்கள் பொறியாளர்கள். திறப்பும் மண்ணும் விளக்கொளியும் அவர்கள் வாயிலிருந்து வந்தன. பயிற்சி பலித்தது என்று நான் நினைத்தது அந்தக் கூட்டத்தின் குறிப்பைப் படித்தபோதுதான்.

கட்டும்போது ஒன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் போனது. ஓடைப்பாலத்தின் கல் நடைபாதை நன்றாகவே அமைந்தது. அளவுப் பட்டியலில் அது தனி உருப்படி, நீளம் உயரத்தோடு. ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கு அது யாருக்கான பாதை என்று தெரிந்ததோ இல்லையோ, அளவு பிசகாமல் கட்டினார்கள். பாலத்தின் மேல்மண் கதை வேறு. வெட்டை அகலப்படுத்தும்போது வரும் காட்டு மேல்மண்ணை, அதிலுள்ள விதைகளோடு, தனியே குவித்துவைத்துப் பாலத்தில் பரப்ப வேண்டும் என்று வரைபடத்தின் ஓரத்தில் குறிப்பாக எழுதியிருந்தது. அளவுப் பட்டியலில் குவித்து வைக்க, மூடிப் பாதுகாக்க, திரும்ப ஏற்றி வரக் காசு எதுவும் ஒதுக்கவில்லை. மேற்பார்வையாளர் அந்த மண்ணில் பெரும்பகுதியை மீடியனில் நிரப்பிவிட்டார். அவர் கையில் இருந்த பட்டியலின்படி அவர் செய்தது சரி. பாலத்துக்கு வேறிடத்து மண் வந்தது. புல் பிடிக்க எதிர்பார்த்ததைவிட நாளானது, களைச்செடிகள் முந்திக்கொண்டன, வனத்துறை ஆட்கள் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

நடுவதற்கான செடிப் பட்டியல் நேரத்தோடு திருத்தப்பட்டது. முதலில் அதில் இருந்தவை சாலை அழகுக்கு வைக்கும் பூச்செடிகள். மான் மேயும் புல்லும் அந்தக் காட்டின் புதர்களும் அந்த இடத்தைப் பிடித்தன.

கடவைகள் திறந்தபின் ஓடை நடைபாதையில் முள்ளம்பன்றியும் சிறு ஊனுண்ணிகளும் விரைவிலேயே படத்தில் வந்தன. பாலத்தில் முதலில் காட்டுப்பன்றி, அப்புறம் மான். மான்கள் முதலில் முனைவரை வந்து நின்று திரும்பிய படங்கள்தான் அதிகம். புதர் வளர வளர நடுப்பகுதியிலும் மேயத் தொடங்கின. சிறுத்தை இதுவரை பாலத்தின் வாயிலில் மட்டும் பதிவாகியிருக்கிறது. அதை வைத்துப் பாலம் தோற்றது என்று எழுதச் சிலர் அவசரப்பட்டார்கள். பான்ஃபில் கிரிஸ்லி கரடிகள் பழகவே பல ஆண்டுகள் பிடித்தன. முதல் பருவத்துப் படங்களைக் கொண்டு எந்த ஊனுண்ணியைப் பற்றியும் தீர்ப்பு எழுத முடியாது என்று கூட்டத்தில் சொல்லி, அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுக்கவைத்தோம்.

வளைவில் சாவுகள் ஓய்ந்துவிட்டன. ஆனால் வடக்கே வேலி முடியும் இடத்தில் புதிதாக மான்கள் அடிபடுகின்றன. வேலியை ஒட்டியே நடந்து, முடிந்த இடத்தில் சாலைக்குள் இறங்குகின்றன. இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். ஐயம் முன்பே இருந்ததால், அந்த முனையிலும் கேமராவும் நடைக் கணக்கும் வைத்திருந்தோம், அதனால் உடனே தெரிந்தது. இப்போதைக்கு அந்த முனையில் வேகத்தைக் குறைக்கும் தடைகளும் இரவு எச்சரிக்கைப் பலகைகளும் வந்திருக்கின்றன. வண்டிப்பாதைகளை ஒரே பக்கச் சாலையில் சேர்த்து, வேலியை நீட்டலாமா என்று வயல்காரர்களோடு பேச்சு நடக்கிறது.

பயிற்சி பெற்றவர்களில் பலர் பணிமாற்றத்தில் போய்விட்டார்கள். புதிதாக வந்த பராமரிப்புப் பொறியாளர் கைக்குக் கிடைத்தது அந்த ஒற்றைப் பக்கப் பராமரிப்புத் தாள்தான். வேலியின் அடியில் பன்றி தோண்டிய இடங்களை எப்போது பார்ப்பது, பாலத்தின் வடிகால் துளைகளை எப்போது துப்புரவு செய்வது, வளர்ந்த எந்த மரத்தை வெட்டக் கூடாது என்பது அதில் இருந்ததால் வேலை நிற்கவில்லை.

அடுத்த பயிற்சியில் மாற்றுபவை

முதல் மாற்றம் நேரம். சாலையின் போக்கு முடிவாகுமுன்பே இந்தப் பயிற்சி நடக்க வேண்டும். இங்கே போக்கு முடிவாகி, நிலமும் எடுத்தாகிவிட்டது. நகர்த்த முடிந்தது கடவைகளை மட்டும்தான். இன்னும் முன்னால் கூடியிருந்தால், அந்த மலைமுதுகைச் சுற்றிப் போகும் வழி உண்டா என்ற கேள்வியையே கேட்டிருக்கலாம். எத்தனை பாலம் கட்டினாலும், காட்டுக்குள் போகாத சாலைக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து.

ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர்களையும் அளவுப் பட்டியல் போடுபவர்களையும் இணைகளோடு சேர்க்கப் போகிறோம். மேல்மண் குறிப்பு ஓரத்தில் தங்கிவிட்டதற்குக் காரணம், அதை விலையாக மாற்றத் தெரிந்தவர் மேசையில் இல்லாததுதான். இனி ஒவ்வொரு இணையும் முடிவில் ஒரு சோதனை செய்யும்: வரைபடத்தின் ஓரக் குறிப்புகள் ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் எதிர் உருப்படி எண் எழுத வேண்டும். எண் எழுத முடியாத குறிப்பு பட்டியலுக்குள் போகும் வரை தாளில் கையெழுத்து இல்லை.

வேலிக்கு முழுதாக ஒரு நாள் தனியே ஒதுக்குகிறோம், வயல்காரர்களையும் அழைத்து. கட்டுமானம் நடக்கும் காலத்தில் மூன்று கட்டங்களில் இணைகள் மீண்டும் சாலைக்கு வருவார்கள்: மண் வெட்டத் தொடங்கும் வாரம், பாலத்தின்மேல் மண் பரப்புமுன், வேலியின் கடைசித் தூண் நடுமுன். பணிமாற்றத்தில் போனவருக்குப் பதில் வந்தவர் அந்த வருகையில் சேர்ந்துகொள்வார்; பழையவர் அன்று ஒரு நாள் வந்து கையளிப்பார். அதற்கான பயணப்படி பயிற்சிச் செலவிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. அடுத்த சாலையின் கேமராக்கள் இப்போதே காட்டில் இருக்கின்றன. போக்கு இன்னும் முடிவாகவில்லை.